கூடும் இடத்தில்தான் மொழி இருக்கிறது
காது கேளாதோர் அமைப்புகளின் செய்தியும் நிகழ்ச்சியும்: ஒரு பார்வை

செப்டம்பர் மாதக் கடைசி வந்துவிட்டால் காது கேளாதோர் அமைப்புகளுக்கு ஓய்வு இருக்காது. 23-ஆம் தேதி உலக சைகை மொழிகள் நாள். அம்மாதத்தின் கடைசி முழு வாரம் உலகக் காது கேளாதோர் வாரம். பேரணி, விளையாட்டுப் போட்டி, நலத்திட்ட உதவி வழங்கும் விழா, ஆட்சியர் அலுவலகத்தில் மனு என்று ஊருக்கு ஊர் ஏதாவது ஒன்று நடக்கும். மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு படமும் நான்கு வரிச் செய்தியும் வரும். அதன் பிறகு அடுத்த செப்டம்பர் வரை பொதுச் சமூகம் அவர்களை நினைப்பதில்லை.

காது கேளாதோருக்காக உழைக்கும் அமைப்புகள் ஏன் இவ்வளவு கூட்டங்கள் நடத்துகின்றன? அவை கொண்டுசேர்க்கும் செய்தி உரியவரை உரிய நேரத்தில் எட்டுகிறதா? அந்த மேடை உண்மையில் யாருக்கானது? இம்மூன்று கேள்விகளையும் வரலாறு, சட்டம், கல்வி, அன்றாட நடைமுறை ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. இதன் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காது கேளாதோருக்குக் கூட்டம் என்பது பொழுதுபோக்கோ சடங்கோ இல்லை. அவர்களுடைய மொழியும் அறிவும் உரிமையும் கூடும் இடத்தில்தான் உயிரோடு இருக்கின்றன. ஆகவே ஒரு கூட்டத்தை எப்படி நடத்துகிறோம், ஒரு செய்தியை எப்படிச் சொல்கிறோம் என்பது உரிமை சார்ந்த கேள்வி.

எத்தனை பேர், யார் யார்

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட செவித்திறன் பற்றிய உலக அறிக்கையின்படி, ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் சுமார் 150 கோடிப் பேர். அவர்களில் சிகிச்சையோ கருவியோ மறுவாழ்வுப் பயிற்சியோ தேவைப்படுபவர்கள் 43 கோடி. உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் கணக்கில், காது கேளாத மக்கள் 7 கோடிக்கு மேல். அவர்களிடையே வழங்கும் சைகை மொழிகள் 300-க்கு மேல்.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கேட்பதில் குறைபாடு உள்ளவர்கள் என்று சுமார் 50.7 லட்சம் பேரைப் பதிவு செய்தது. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 2.2 லட்சம். வீட்டு வாசலில் நின்று கணக்கெடுப்பாளர் கேட்ட கேள்விக்குக் குடும்பத்தார் சொன்ன பதிலை வைத்து வந்த எண்ணிக்கை இது. பிள்ளையின் திருமணப் பேச்சுக்கு இடையூறு வரும் என்று மறைத்த குடும்பங்களும், தாத்தாவுக்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிட்ட குடும்பங்களும் இதில் வர வழியில்லை.

இவர்கள் எல்லோரும் ஒரே வகையினரும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சொலி அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறனை இழந்தவர்களைக் காது கேளாதோர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவர்களைக் குறைவாகக் கேட்போர் என்றும் வகுக்கிறது. வாழ்க்கையோ இன்னும் பல வகைகளைக் காட்டுகிறது. பிறவியிலேயே கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர் ஒரு வகை. சிறப்புப் பள்ளியில் உதட்டசைவைப் படிக்கப் பழகியவர் இன்னொரு வகை. நாற்பது வயதில் நெசவாலை இரைச்சலிலோ நோயிலோ செவியை இழந்து, சைகை ஒன்றும் அறியாதவர் மற்றொரு வகை. காதோடு கண்ணும் தெரியாதவர்கள் உண்டு. இவர்கள் அனைவருக்கும் ஒரே மாதிரி ஏற்பாடு செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பல நிகழ்ச்சிகளின் முதல் குறை.

தாயிடமிருந்து வராத தாய்மொழி

காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் விளங்கும். தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் வீட்டிலேயே கிடைக்கிறது. தொட்டிலில் கிடக்கும்போதே அப்பாவின் அதட்டலும் பாட்டியின் கதையும் அடுத்த வீட்டுச் சண்டையும் காதில் விழுகின்றன. யாரும் உட்கார்ந்து கற்பிக்காமலே மொழி வந்துவிடுகிறது. காது கேளாத குழந்தைக்கு வீட்டில் மொழி இல்லை. தாய்க்குப் பிள்ளைமேல் அளவற்ற அன்பு இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையோடு பேசும் மொழி அவளிடம் இருக்காது. சோறு, தண்ணீர், தூக்கம், அடி என்று வீட்டுக்குள் உருவாக்கிக்கொண்ட சில சைகைகளே பாலமாக இருக்கும்.

பிறகு அந்தக் குழந்தைக்கு முழு மொழி எங்கே கிடைக்கிறது? சிறப்புப் பள்ளியின் விடுதியில், மூத்த மாணவர்களிடம். பள்ளி முடிந்தபின் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில். விளையாட்டு மைதானத்தில். அதாவது காது கேளாதோரின் மொழி தலைமுறைக்குத் தலைமுறை இறங்கி வருவதைவிட, நண்பரிடமிருந்து நண்பருக்குப் பரவுகிறது. அவர்களுக்கென்று தனி ஊர் இல்லை, தெரு இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரில், கேட்பவர்கள் நிறைந்த வீட்டில் தனியாக வாழ்கிறார்கள். ஊரே இல்லாத அந்த மக்களுக்குச் சங்கக் கூட்டம்தான் ஊர்.

மும்பையின் மின்சார ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி, காது கேளாதோர் சந்திக்கும் திண்ணையாக மாறிப்போனதை ஆய்வாளர் அன்னெலீஸ் கஸ்டர்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் ஒரு நிலையத்தில் ஒருவர் ஏறுவார். அடுத்த நிலையத்தில் இன்னொருவர். வேலைவாய்ப்பு, திருமணம், சங்கத் தேர்தல், அரசாணை என்று எல்லாச் செய்தியும் அந்தப் பெட்டியில் கைமாறும். சிலர் பேச்சு முடியவில்லை என்று தம் நிலையத்தைத் தாண்டியும் பயணம் செய்வார்கள். செய்தியும் சந்திப்பும் இவர்கள் வாழ்வில் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விருந்தில் பிறந்த இயக்கம்

காது கேளாதோர் இயக்கத்தின் வரலாறு ஒரு நிகழ்ச்சியில்தான் தொடங்குகிறது. 1834 நவம்பரில் பாரிஸ் நகரத்தில், காது கேளாதோருக்கான பள்ளியை நிறுவிய ஆபே தெ லெப்பேயின் பிறந்தநாளை முன்னிட்டுக் காது கேளாதவர்களே ஒரு விருந்து ஏற்பாடு செய்தார்கள். முன்னின்று நடத்தியவர் ஃபெர்தினாந்த் பெர்த்தியே. அவரும் காது கேளாதவர், ஆசிரியர். சைகையில் உரைகள் நடந்தன. அந்த விருந்து ஆண்டுதோறும் தொடர்ந்தது. அதிலிருந்து 1838-ல் காது கேளாதோர் சங்கம் ஒன்று முளைத்தது. தங்கள் பெயரில், தங்கள் மொழியில், தாங்களே கூடியதுதான் முதல் அடி.

அந்த விருந்துகளில் பிறந்த நம்பிக்கைக்கு 1880-ல் பெரிய அடி விழுந்தது. இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகையை விட்டுவிட்டு வாய்ப்பேச்சு முறையை மட்டுமே பின்பற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அங்கே கூடியிருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோருமே காது கேட்பவர்கள். காது கேளாத ஆசிரியர்கள் பல நாடுகளில் வேலை இழந்தார்கள். சைகை செய்த குழந்தைகளின் கைகள் கட்டப்பட்டன. அந்தத் தீர்மானத்தை அதே மாநாட்டின் வழிவந்த அமைப்பு வான்கூவரில் முறையாக நிராகரித்தது 2010-ல்தான். இடையில் 130 ஆண்டுகள் கழிந்துவிட்டன. காது கேளாதோரைப் பற்றி அவர்கள் இல்லாத அறையில் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மிலான் ஓர் எச்சரிக்கை.

மிலான் நடந்த அதே 1880-ல் அமெரிக்காவில் தேசியக் காது கேளாதோர் சங்கம் உருவானது. பிரிட்டனில் 1890-ல் சங்கம் எழுந்தது. 1924-ல் பாரிஸில் காது கேளாதோருக்கான முதல் உலக விளையாட்டுப் போட்டி நடந்தது. ஒன்பது நாடுகளின் 148 பேர் கலந்துகொண்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் போட்டிகளில் இதுவே மூத்தது. 1951 செப்டம்பர் 23 அன்று ரோம் நகரில் உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு பிறந்தது. அந்த நாளை நினைவுகொண்டே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2017 டிசம்பரில் செப்டம்பர் 23-ஐ உலக சைகை மொழிகள் நாளாக அறிவித்தது. 2018 முதல் அது கொண்டாடப்படுகிறது. காது கேளாதோர் வாரமோ 1958 முதலே நடந்துவருகிறது. மார்ச் 3-ஆம் தேதி வரும் உலகச் செவித்திறன் நாள் வேறு. அது நோய்த்தடுப்பையும் காதுப் பராமரிப்பையும் பேசும் மருத்துவ நாள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துக் குழப்பிக்கொண்டு, சைகை மொழி நாளில் காதுப் பரிசோதனை முகாமோடு நிறுத்திக்கொள்ளும் அமைப்புகள் தங்கள் நோக்கத்தை மறந்துவிடுகின்றன.

செய்தி நடந்து வந்த வழி

வானொலியும் தொலைபேசியும் உலகைச் சுருக்கிய காலத்தில், அந்த இரண்டும் காது கேளாதோரை மேலும் தள்ளி நிறுத்தின. செய்திக்காக அவர்கள் தங்கள் வழியைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், காது கேளாதோர் விடுதிப் பள்ளிகளில் அச்சுத்தொழில் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு பள்ளியும் ஒரு சிறு பத்திரிகை அச்சிட்டு மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பியது. பழைய மாணவர்களின் வேலை, திருமணம், மரணம், மாநாட்டு அறிவிப்பு எல்லாம் அதில் வரும். நாடெங்கும் சிதறிக் கிடந்தவர்களை அந்தத் தாள்கள் ஒரு சமூகமாகக் கோத்தன. 1913-ல் அமெரிக்கத் தேசியக் காது கேளாதோர் சங்கத்தின் ஜார்ஜ் வெடிட்ஸ், சைகை மொழியைக் காக்க வேண்டும் என்று திரைப்படச் சுருளில் சைகையிலேயே உரை நிகழ்த்தினார். சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பே காது கேளாதோர் அதில் பேசிவிட்டார்கள். 1964-ல் ராபர்ட் வெய்ட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலாளர், பழைய தட்டச்சுத் தந்திப் பொறியைத் தொலைபேசியோடு இணைக்கும் கருவியை உருவாக்கினார். அதன்பின் எழுத்து வழியே தொலைபேசிப் பேச்சு அவர்களுக்குச் சாத்தியமானது.

இந்தியாவில் தூர்தர்ஷன் 1987-ல் காது கேளாதோருக்கான வாராந்தரச் செய்தி அறிக்கையைத் தொடங்கியது. அந்த ஒரு நிகழ்ச்சிதான் பல ஆண்டுகள் நாட்டு நடப்புக்கு அவர்களுக்கிருந்த முக்கியமான சாளரம். பிறகு கைப்பேசிக் குறுஞ்செய்தி வந்தது. அதன்பின் வந்த வீடியோ கால் எல்லாவற்றையும் மாற்றியது. இன்று தேனியில் இருக்கும் தையல்காரரும் சென்னையில் இருக்கும் வங்கி ஊழியரும் தங்கள் மொழியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். சங்கங்களின் அறிவிப்புகள் இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில் சைகை வீடியோவாகவே வருகின்றன.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வெளியிலிருந்து செய்தி குறைவாக வரும் சமூகத்தில், உள்ளிருந்து வரும் செய்திக்கு நம்பிக்கை மிக அதிகம். 'நம்மில் ஒருவர் சொல்கிறார்' என்பதே சான்றாகிவிடும். பெங்களூரில் ஆய்வு செய்த மிஷேல் ஃப்ரீட்னர், ஆள் சேர்த்துப் பணம் ஈட்டும் பல அடுக்கு விற்பனைத் திட்டங்கள் காது கேளாதோரிடையே எப்படி வேகமாகப் பரவின என்பதைத் தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். செய்தியைக் கொண்டுசேர்ப்பதோடு அதைச் சரிபார்த்துச் சொல்வதும் அமைப்புகளின் கடமை என்பதை இது உணர்த்துகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்தில் கொடுத்தால் போதும், படித்துக்கொள்வார்கள் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். சைகையில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அரசாணை நடையில், ஒரு வாக்கியம் ஒரு பத்தி நீளத்துக்கு ஓடும் அறிவிப்பைப் படித்தால், காது கேட்பவர்களே பக்கத்தில் இருப்பவரிடம் விளக்கம் கேட்கிறார்கள். காது கேளாதவர் யாரிடம் கேட்பார்? சைகை வீடியோ ஒன்றும், அதன் கீழே எளிய தமிழில் நான்கு வரியும் சேர்ந்து வந்தால்தான் அது செய்தி.

இந்திய அமைப்புகளும் அரசும்

இந்தியாவில் காது கேளாதோர் கல்வி மும்பையில் 1885-ல் தொடங்கிய பள்ளியோடு வேர்விட்டது. 1893-ல் கொல்கத்தா பள்ளி வந்தது. அதே பத்தாண்டில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தொடங்கிய பள்ளி, இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. தென்மாவட்டங்களில் காது கேளாதோர் சமூகம் என்று ஒன்று திரண்டதற்கு அந்த விடுதிக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னை மயிலாப்பூர்ப் பள்ளியும், லிட்டில் ஃபிளவர் பள்ளியும் பின்னர் வந்தவை. ஈழத்தில் யாழ்ப்பாணம் கைதடியில் உள்ள நவீல்ட் பள்ளி தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதே பணியைச் செய்துவருகிறது.

1955-ல் தில்லியில் அகில இந்தியக் காது கேளாதோர் கூட்டமைப்பு உருவானது. 2005-ல் காது கேளாதவர்களே முன்னின்று தேசியக் காது கேளாதோர் சங்கத்தை அமைத்தார்கள். நலத்திட்டம் கேட்பதிலிருந்து உரிமை கேட்பதற்கு இயக்கம் நகர்ந்த காலம் அது. காது கேளாதோருக்கு ஓட்டுநர் உரிமம் மறுக்கப்பட்டதை எதிர்த்து அச்சங்கம் தொடுத்த வழக்கில், ஓட்டுநர் தேர்வில் தேறினால் உரிமம் மறுக்கக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2011-ல் கூறியது. இந்திய சைகை மொழிக்கு ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்று நாடெங்கும் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடின. 2015 செப்டம்பரில் இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தில்லியில் தன்னாட்சி நிறுவனமாக நிறுவப்பட்டது. அந்த மையம் 2018-ல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்தது. இந்திய சைகை மொழியை நாடு முழுவதும் தரப்படுத்திப் பாடநூல்கள் உருவாக்க வேண்டும் என்று 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. 2024 டிசம்பரில் சைகை மொழிப் பாடங்களுக்கென்று ஒரு டிடிஎச் அலைவரிசையும் தொடங்கப்பட்டது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு ஒதுக்கி, அதில் 1 விழுக்காட்டைக் காது கேளாதோருக்கும் குறைவாகக் கேட்போருக்கும் தருகிறது. ஒலி, எழுத்து, மின்னணு ஊடகங்களில் வரும் எல்லாமும் அணுகத்தக்க வடிவில் கிடைக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் வழியே 2019-ல் தொலைக்காட்சிக்கும், 2024-ல் திரையரங்குக்கும் நெறிமுறைகள் வந்தன. 2023-ல் 'பதான்' திரைப்படம் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் வசன எழுத்துகளும் ஒலி விவரிப்பும் சேர்க்கச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில், காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அடுத்த மாதம் நீதிமன்றமே அவருக்காக மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியது. அணுகல் தரங்கள் வெறும் வேண்டுகோளாக இருக்கக் கூடாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விளையாட்டில், மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் மூன்று தங்கம் வென்று அர்ஜுனா விருது பெற்றார். 1924-ல் பாரிஸில் பிறந்த, துப்பாக்கி ஒலிக்குப் பதில் விளக்கு ஒளியில் ஓட்டம் தொடங்கும் அந்தப் போட்டிக்கு, நடந்து முடிந்த 2025 நவம்பர் டோக்கியோ போட்டி நூற்றாண்டுக் கொண்டாட்டமாக அமைந்தது.

சட்டமும் தீர்ப்பும் பதக்கமும் இவ்வளவு இருக்கின்றன. ஆனால் ஒரு தாலுகா அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காது கேளாதவர் போய் நின்றால், அவரோடு பேச அங்கே ஆள் கிடையாது. தங்கையையோ மகனையோ அழைத்துப் போக வேண்டும். தன் உடல்நோயைத் தன் பிள்ளை வழியாக மருத்துவரிடம் சொல்லும் தாயின் நிலையை எண்ணிப் பார்த்தால், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் நாட்டில் எவ்வளவு அரிதாக இருக்கிறார்கள் என்பதன் பொருள் விளங்கும். வன்முறைக்கு ஆளான காது கேளாத பெண், வன்முறை செய்த குடும்பத்தாரையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு புகார் கொடுக்க முடியுமா?

கருவியா, மொழியா

இந்தத் துறையில் நெடுநாளாக நடக்கும் ஒரு விவாதத்தைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்ற அட்டவணை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிறு குழந்தைகளுக்கு உட்செவியில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை ஏழை வீட்டுக்கும் எட்டியது பெரிய சாதனை. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் அறுவைச் சிகிச்சையோடு கதை முடிவதில்லை. பல ஆண்டுகள் பேச்சுப் பயிற்சி வேண்டும். கருவியின் வெளிப்பகுதி பழுதானால் மாற்ற வேண்டும். கிராமத்துத் தாய் கூலி வேலையை விட்டு வாரம் இரண்டு முறை நகரத்துக்கு வர வேண்டும். சில குழந்தைகளுக்கு நல்ல பலன். சிலருக்குப் பாதிப் பலன். இந்தக் காத்திருப்புக் காலத்தில் 'சைகை கற்றுக்கொடுக்காதீர்கள், பேச்சு வராது' என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லப்பட்டால், அந்தக் குழந்தை மொழியே இல்லாமல் ஐந்து வயதைக் கடக்கும் ஆபத்து இருக்கிறது. சைகை மொழிகள் இலக்கணம் உள்ள முழு மொழிகள் என்பதை மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960-லேயே காட்டிவிட்டார். ஒரு மொழி தெரிந்த குழந்தைக்கு இன்னொரு மொழி வருவது எளிது. கருவியும் வேண்டும், சைகையும் வேண்டும் என்பதே நியாயமான நிலை. மருத்துவமனை வாசலிலேயே அந்தப் பெற்றோரைச் சந்தித்து, வளர்ந்து வேலைக்குப் போகும் காது கேளாத ஒருவரை அறிமுகப்படுத்தி வைப்பது, அமைப்புகள் நடத்தக்கூடிய மிகச் சிறந்த நிகழ்ச்சி. என் பிள்ளை எப்படி வாழ்வான் என்ற கேள்விக்கு அந்த அறிமுகம் பதில் சொல்லும்.

பள்ளியிலும் இதே நிலைதான். பொதுத்தேர்வில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு கிடைக்கிறது. கருணையோடு தரப்பட்ட சலுகைதான். ஆனால் பின்னர் போட்டித் தேர்வும் வேலையும் அந்த மொழியைக் கேட்கும்போது கதவு மூடிக்கொள்கிறது. விலக்கு தருவதைவிட, சைகை மொழி வழியே அந்த மொழியைக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரைத் தருவது கடினம். செய்ய வேண்டியது அந்தக் கடினமான வேலையைத்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்று பட்ட வகுப்புகள் நடப்பது, முயன்றால் முடியும் என்பதற்குச் சான்று.

ஒரு கூட்டம் எப்படி இருக்க வேண்டும்

காது கேளாதோருக்கான நிகழ்ச்சி என்று அழைத்துவிட்டு, மைக் முன் ஒன்றரை மணி நேரம் விருந்தினர்கள் பேசிக்கொண்டிருக்க, எதிரே நூறு பேர் ஒன்றும் புரியாமல் அமர்ந்திருக்கும் காட்சி நம் ஊர்களில் அரிதில்லை. நல்ல எண்ணம் இருந்தும் இப்படி நடக்கிறது, தெரியாமையே காரணம். தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் பேசுபவரின் பக்கத்திலேயே, வெளிச்சத்தில் நிற்க வேண்டும். அவருக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் பேனரின் பல வண்ணங்கள் இருந்தால் கைகள் தெரியாது. கையின் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒற்றை நிற உடையில் அவர் இருந்தால் நல்லது. சைகை மொழிபெயர்ப்பு மூளைக்குக் கடுமையான வேலை. இருபது முப்பது நிமிடங்களுக்கு மேல் ஒருவரே தொடர்ந்து செய்தால் பிழை கூடும். எனவே நீண்ட கூட்டத்துக்கு இருவர் தேவை. உரையின் சுருக்கத்தையும் வரப்போகும் பெயர்களையும் முதல் நாளே அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். முன்வரிசை காது கேளாதோருக்கு. முக்கியப் பிரமுகர்கள் பின்னால் அமரலாம். உரையாடல் கூட்டம் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியும். கவனத்தைத் திருப்ப விளக்கை அணைத்துப் போடலாம். இரு கைகளையும் உயர்த்தி அசைப்பதுதான் அவர்களின் கைதட்டல். விருந்தினரும் அதைக் கற்றுக்கொள்ளலாம். படம் காட்டும்போது அரங்கை முழுதும் இருட்டாக்கினால் பேச்சும் நின்றுபோகும்.

சைகை அறியாத, வயதான பின் செவியை இழந்தவர்களுக்காகத் திரையில் உடனுக்குடன் எழுத்து ஓட வேண்டும். கண்ணும் தெரியாதவருக்கு உள்ளங்கையைத் தொட்டுப் பேசும் துணையாள் வேண்டும். பெண்கள் வர வேண்டுமானால் நேரமும் இடமும் போக்குவரத்தும் அவர்களை நினைத்து முடிவு செய்யப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையில் காது கேளாதவர் இருக்க வேண்டும். பரிசு வாங்க ஏறி இறங்குபவராக இல்லாமல், நிகழ்ச்சி நிரலை முடிவு செய்தவராக. அவர் சைகையில் பேச, மற்றவர்களுக்காகக் குரலில் மொழிபெயர்ப்பு நடக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது கேட்பவர்கள் மொழிபெயர்ப்பாளரை நம்பி உட்கார்ந்திருந்தால், காது கேளாதோர் ஆயுள் முழுவதும் எப்படி வாழ்கிறார்கள் என்பது புரியும்.

அமைப்புகளுக்கும் அரசுக்கும்

இதுவரை கண்டவற்றிலிருந்து சில வேலைகள் தெளிவாகின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு அறிவிப்புகளை ஒரு வாரத்துக்குள் சைகை வீடியோவாக்கும் பொறுப்பை ஒரு சங்கத்திடம் கொடுத்து, அதற்கு ஊதியமும் தர வேண்டும். தன்னார்வப் பணியாகவே இதை எவ்வளவு காலம் கேட்டுக்கொண்டிருப்பது? மாவட்டத் தலைமை மருத்துவமனை, நீதிமன்றம், காவல் அலுவலகம் மூன்றுக்கும் சேர்த்தாவது ஒரு மொழிபெயர்ப்பாளரை நிரந்தரமாக அமர்த்தி, மற்ற இடங்களுக்கு வீடியோ கால் வழியே அவர் உதவ ஏற்பாடு செய்யலாம். புயல், வெள்ள எச்சரிக்கை ஒலிபெருக்கியில் மட்டும் போனால் காது கேளாதவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். கைப்பேசியை அதிரவைத்து எழுத்தில் வரும் எச்சரிக்கைகளின் சோதனை 2023-லேயே நாடெங்கும் நடந்தது. அது எளிய தமிழில் ஒவ்வொரு கடலோர ஊருக்கும் முறையாகச் சென்று சேர்வதைச் சங்கங்கள் கண்காணிக்க வேண்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. கணக்கில் வராதவருக்குத் திட்டத்தில் இடமில்லை. கணக்கெடுப்பாளர் வரும்போது வீட்டில் உள்ள காது கேளாதவரைத் தயங்காமல் பதிவு செய்யுங்கள் என்ற ஒரு செய்தியை, சைகை வீடியோவாகவும் குடும்பத்தாருக்கான துண்டறிக்கையாகவும் இப்போதிருந்தே பரப்பினால், பத்து மாநாடுகள் செய்ய முடியாத வேலையை அது செய்துவிடும்.

வரும் செப்டம்பரில் உங்கள் ஊரில் காது கேளாதோர் வார விழாவுக்கு உங்களை அழைத்தால் கட்டாயம் போங்கள். போகும் முன் அமைப்பாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மொழிபெயர்ப்பாளர் உண்டா? மேடையில் பேசப்போகும் காது கேளாதவர் யார்? இரண்டுக்கும் பதில் இருந்தால் அது அவர்கள் விழா. பதில் இல்லையென்றால், பதில் வரும்வரை கேளுங்கள்.